எதிர் கிரேன்காரனும் ஒரு கைப்பிடி அதிமதுரமும்

டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். மிஷினைப் பார்த்தார். பட்டையைக் கழற்றி மறு கையில் சுற்றி மறுபடி அடித்தார். மறுபடியும் மிஷினைத்தான் பார்த்தாரே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அபுதாபி முசஃபாவில் வொர்க்‌ஷாப்புகளுக்கு நடுவே, ஒரு மாடியில் இருந்த சின்ன கிளினிக் அது. கீழே யாரோ லாரி ஸ்பிரிங் பட்டையைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பினாயில் வாசனையும் வெல்டிங் வாசனையும் ஒன்றாகக் கலந்து வரும். வருடா வருடம் கிரேன் ஆப்பரேட்டர்கள் எல்லாரும் அங்கே போய் உடம்பைக் காட்டி 'ஃபிட்' என்று எழுதி வாங்க வேண்டும். அதுவரை எனக்கு அது பஸ் பாஸ் வாங்குவது மாதிரியான வேலை.

"முன்னாடி யாராவது உங்களுக்கு பிரஷர் இருக்குன்னு சொல்லியிருக்காங்களா?" டாக்டரம்மா பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார்.

"இல்லீங்கம்மா. போன வருஷம் நார்மல்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

"மருந்து, மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் கெடையாதுங்க. தலைவலின்னாகூட தைலந்தான்."

சத்தியமாக உண்மையைத்தான் சொன்னேன். அவர் ரத்தம் எடுக்கச் சொன்னார், மாத்திரை எழுதினார், இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். 'ஃபிட்' என்று மட்டும் எழுதவில்லை.

கூட வந்தவன் பரமேஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எங்கள் சைட்டின் சேஃப்டி ஆபீசர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன். ஹெல்மெட் வார் மாட்டாதவன் சொந்த அண்ணனாக இருந்தாலும் கேட்டுக்கு வெளியே தள்ளிவிடுவான்.

"சேது அண்ணை, கோவிக்காதேங்கோ," என்றான் படியிறங்கும்போது. "பிரஷர் இறங்குமட்டும் உங்களைக் கிரேனிலை ஏற விட ஏலாது. நாளையில இருந்து யார்டிலை நில்லுங்கோ."

"தம்பி, நாளைக்கு ஒருநா மட்டும் விட்டுரு. ஸ்லாப் கான்கிரீட் இருக்கு."

"மேல இருந்து மயங்கினா, கீழ நிக்கிற சனத்துக்கு ஆர் பதில் சொல்றது? நீங்களோ, நானோ?"

கோபத்தில் படிக்கட்டுக் கம்பியை உதைத்தேன். என் கால்தான் வலித்தது.

ஐம்பதை நெருங்கும் ஆப்பரேட்டரை ஒருமுறை கீழே இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றுவதற்கு எந்தக் கம்பெனியும் யோசிக்கும். 'அன்ஃபிட்' என்று பேப்பரில் விழுந்துவிட்டால் விசா கேன்சல், நேரே ஊர்தான். மகள் அப்போது நர்சிங் இரண்டாம் வருடம். இதையெல்லாம்விட இன்னொன்று உண்டு, வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும். எனக்கு அந்த உயரம் பிடிக்கும். கேபினில் உட்கார்ந்தால் மேனேஜர் முதல் மேஸ்திரி வரை எல்லாரும் ஒரே அளவில்தான் தெரிவார்கள்.

மேலே இருப்பவன் கஷ்டம்

சென்ற வாரத் தொடரில் நான் முதன்முதலாக டவர் கிரேனில் ஏறிய கதையைப் படித்துவிட்டு, திருமயத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: அவ்வளவு உயரத்தில் ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?

பெரிய பெரிய எஞ்சினியர்கள்கூட என்னிடம் கேட்காத கேள்வி. அம்மா, உங்களுக்கு நன்றி.

ஏணியில் இறங்கி மறுபடி ஏறுவதற்குள் பாதிக் காலை போய்விடும். அதுவரை கீழே லோடைக் கட்டி வைத்துக்கொண்டு நிற்கிறவன் சும்மா இருக்க மாட்டான், வாக்கி டாக்கியில் நம் குடும்பத்தையே இழுப்பான். ஆகையால் நாங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வோம். தொண்டையை நனைக்க ஒரு மடக்கு, அவ்வளவுதான். இது பரமேஸ் காதில் விழாமல் இருக்கட்டும். தண்ணீர் குடிக்காதவனுக்கும் அவன் ஒரு வார்னிங் லெட்டர் வைத்திருப்பான்.

கேபினில் ஏசி ஓடும். வெளியே மணல் தூசி. காலையில் ஏறினால் பத்து மணிக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாக்கியில் வாய் ஓயாது பேச வேண்டிய வேலை வேறு. அதுவும் கொரோனா ஓய்ந்த பிறகு எனக்கு ஒரு வறட்டு இருமல் வந்து, வாடகை கொடுக்காத ஆள் மாதிரி போகாமல் உட்கார்ந்துகொண்டது.

ரெண்டாம் நம்பர் லியூ

அபுதாபியில் ஒரு தீவு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டடங்கள், இரண்டு கிரேன்கள். ஒன்றாம் நம்பரில் நான். இரண்டாம் நம்பரில் லியூ. அந்தக் கட்டடத்தை எடுத்திருந்த சீனக் கம்பெனியின் ஆள்.

என் கிரேன் கொஞ்சம் உயரம். அவனுடையது ஒரு படி கீழே. இரண்டின் கைகளும் ஒரே ஆகாயத்தில் சுழலும் என்பதால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டும்தான் வேலை செய்தாக வேண்டும். அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சீனம் தெரியாது. பாய், ஜல்தி (சீக்கிரம்), ஷ்வை ஷ்வை (மெல்ல மெல்ல), கலாஸ் (முடிந்தது), மாஃபி (இல்லை), ஓகே. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு பேசிவிட முடியும் என்பது லியூவோடு பழகினால்தான் தெரியும். மாமியார் கொடுமையைக்கூட எனக்கு இந்த ஆறு வார்த்தைகளில் சொல்லியிருக்கிறான்.

காலையில் ஒரு நேரம் வாக்கியில் குரல் வரும். "பாய், சாய்?" நான் என் கேபினில் கிளாசைத் தூக்கிக் காட்டுவேன். அவன் அவனுடைய கேபினில் ஃபிளாஸ்க் மூடியைத் தூக்கிக் காட்டுவான். நடுவில் வெறும் காற்றுதான். இருந்தாலும் சேர்ந்து டீ குடித்த மாதிரிதான்.

கோடை காலத்தில் உச்சி வெயில் நேரத்துக்கு வேலையை நிறுத்திவிடுவார்கள். அப்போது இருவரும் இறங்கி பேஸ்மெண்ட் நிழலில் உட்காருவோம். ஒருநாள் அவன் ஃபிளாஸ்க்கைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். மஞ்சள் பூ மிதந்தது, சிவப்பாகச் சின்னப் பழங்கள், அடியில் மூன்று நான்கு மஞ்சள் வில்லைகள், ஓரத்தில் பழுப்புத் தோல். ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இனித்தது.

"அடேய், இது அதிமதுரம்டா!"

நான் கத்தியதில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெங்காலி எழுந்துவிட்டான். லியூ தன் நெஞ்சைத் தொட்டு, "கான்சாவ்," என்றான். அவர்கள் பாஷையில் அதற்கு அதுதான் பேர். வெளிநாட்டில் தற்செயலாக நம் ஊர்க்காரனைப் பார்த்தால் ஒரு சந்தோஷம் வருமே, அது எனக்கு ஒரு வேர்த்துண்டைப் பார்த்து வந்தது.

லியூவின் மனைவிக்கு அவர்கள் ஊர் மருந்துக் கடையில் வேலை. போனில் படம் காட்டினான். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், ஒவ்வொன்றின் மேலும் எழுத்து. அந்த அம்மா கையில் ஒரு குட்டித் தராசு. வைத்தியர் எழுதிக் கொடுத்தபடி பத்துப் பன்னிரண்டு சரக்குகளை நிறுத்துக் காகிதத்தில் கொட்டி மடித்துக் கொடுப்பதுதான் வேலையாம். அந்த இழுப்பறைகளில் அடிக்கடி திறக்கப்படுவது கான்சாவ் இருக்கும் பெட்டிதான் என்று, அதன் தேய்ந்த கைப்பிடியைப் பெரிதாக்கிக் காட்டினான்.

அது எதற்கு என்று கேட்டேன். தொண்டையைத் தொட்டான், இருமிக் காட்டினான், வயிற்றைத் தடவினான். பச்சையாக என்றால் தொண்டைக்கும் சூட்டுக்கும். தேனில் வறுத்தால் சோர்ந்த உடம்புக்குத் தெம்பு. எல்லாக் கசாயத்திலும் ஏன் போடுகிறார்கள் என்பதற்கு அவன் சொன்ன விளக்கம்தான் அருமை. சைட்டைச் சுற்றிக் கையைக் காட்டினான். "ஸ்டீல், கார்பென்டர், கான்கிரீட், எல்லாம் ஃபைட்டிங்." பிறகு தூரத்தில் நின்ற ஃபோர்மேனைக் காட்டினான். "ஃபோர்மேன், கான்சாவ்." ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத சரக்குகளைச் சமாதானம் செய்து வேலை வாங்கும் ஆள் என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொன்னான். அவன் அப்பாவுக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுக்குமாம். ஏதோ ஒரு வெள்ளைப் பூவின் வேரும் கான்சாவும் சேர்த்துக் கொடுத்ததில் சரியாகிவிட்டதாம். அந்தப் பூ என்ன, எவ்வளவு என்றெல்லாம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. கால் பிடிப்புக்கு அதிமதுரம் என்பது மட்டும் மண்டையில் பதிந்தது.

ராஜபார்ட் மச்சான்

எனக்கு அதிமதுரத்தின் மேல் இருந்த நம்பிக்கைக்குக் காரணம் என் அக்கா வீட்டுக்காரர். ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட் வேஷம் கட்டியவர். மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். எப்போதும் கடைவாயில் நகக்கண் அளவுக்கு ஒரு அதிமதுரத் துண்டு இருக்கும்.

மேடையேறும் முன் அதை வாயிலிருந்து எடுத்து ஆர்மோனியப் பெட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். காட்சி முடிந்து வந்ததும் எடுத்து மறுபடி வாயில் போட்டுக்கொள்வார். ஆர்மோனியக்காரருக்கும் அவருக்கும் கடைசிவரை பேச்சுவார்த்தை கிடையாது, காரணம் இதுதான்.

எழுபது வயதிலும் மச்சான் குரல் கணீரென்று இருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே, நமக்கு மட்டும் என்ன ஆகிவிடும்? என் மருத்துவ ஆராய்ச்சி இவ்வளவுதான். அவர் ஒரு முழு நாடகத்துக்கும் வைத்துக்கொண்டது நகக்கண் அளவு என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அடுத்த லீவு நாளில் துபாயில் சீனக்காரர்கள் கடை போட்டிருக்கும் பெரிய சந்தைக்குப் போய்த் தலையணை அளவு பாக்கெட் ஒன்று வாங்கி வந்தேன். காலையில் ஒரு கைப்பிடி போட்டுக் கொதிக்க வைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்வேன். அது போதாதென்று கேபினில் நாள் முழுக்க வில்லைகளை மென்றுகொண்டிருப்பேன். வாய் வறளவில்லை, தண்ணீர் தேவைப்படவில்லை, இருமலும் அடங்கிவிட்டது. ஏணியில் இறங்க வேண்டிய தேவையே இல்லை. என்னைவிடப் புத்திசாலி ஆப்பரேட்டர் வளைகுடாவிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதம் போனது. சாயங்காலமானால் ஷூ இறுக்கியது. ஏணியில் பாதி வழியில் தொடை கனத்தது. காலையில் எழுந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. வயசாகிறது என்று நினைத்தேன். லியூவின் அப்பா ஞாபகம் வந்தது. கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தாராளமாக்கினேன்.

சூட்டைத் தணிக்கப் போய்

கிளினிக்கிலிருந்து வந்து விஷயத்தைச் சொன்னதும் ரூமில் எல்லாரும் ஒரே குரலில் தீர்ப்பு சொன்னார்கள்: சூடு.

"அண்ணே, நாள் பூரா ஒரே எடத்துல உக்காந்தே இருக்கீங்க. சூடு தலைக்கு ஏறிருச்சு. அதான் பிரஷர்," என்றான் திருவாடானைக்காரன் ஒருவன். எனக்கும் அது சரியென்றே பட்டது. டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைத் தவறாமல் போட்டேன். அதோடு கோழியை விட்டேன், காப்பியை விட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வெந்தயம் ஊறப்போட்டு விழுங்கினேன். எல்லாவற்றுக்கும் மேல், குளிர்ச்சி என்றால் அதிமதுரம் இல்லையா? ஒரு கைப்பிடியை இரண்டு கைப்பிடி ஆக்கினேன்.

தீயை அணைக்கப் பெட்ரோல் ஊற்றுகிறோம் என்று தெரியவில்லை.

யார்டில் வேலை என்று ஒன்றும் இல்லை. பழைய சங்கிலி, பெல்ட், கொக்கிகளைத் துடைத்து அடுக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பையன்கூட 'சாச்சா, ஓரமா நில்லுங்க' என்கிற மாதிரி ஹார்ன் அடித்தான். வாக்கி இல்லாத இடுப்பு வெறுமையாக இருந்தது. காலையில் டீ நேரத்தில் கை தானாக கிளாசைத் தூக்கும், எதிரே தகரச் சுவர்தான் நிற்கும்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். மாத்திரை போட்டும் முன்னைவிட அதிகம். டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டாசியம்னு ஒரு உப்பு ரத்தத்துல ரொம்பக் குறைஞ்சிருக்கு. வாந்தி, பேதி ஏதாவது?"

"இல்லீங்கம்மா."

"அப்ப ஏன் குறையுதுன்னு புரியலை. எங்கேயோ என்னமோ இருக்கு. இதுக்கும் மருந்து தர்றேன், இன்னொரு தடவை டைம் தர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா நான் அன்ஃபிட்னுதான் எழுதணும். எனக்கு வேற வழி கிடையாது, சேது."

பெயரைச் சொல்லி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

இரண்டு கையையும் விரித்து

அடுத்த லீவு நாள் காலையில் லியூ நான் தங்கியிருந்த கேம்ப்புக்கு வந்தான். பஸ் பிடித்து, வழி கேட்டு, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கேம்ப் கிச்சனில் அடுப்பில் என் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. விருந்தாளிக்கு இதைவிட என்ன கொடுப்பது? ஒரு கிளாஸ் ஊற்றிப் பெருமையாக நீட்டினேன்.

"கான்சாவ்!"

ஒரு வாய் குடித்தான். அவன் முகம் மாறியது. பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தான். கரண்டியை விட்டுத் தூக்கினான். வில்லைகள் குவியலாக வந்தன. பக்கத்தில் பாதி காலியான பாக்கெட்டைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான். குனிந்து கணுக்காலில் விரலால் அழுத்தினான். குழி விழுந்தது.

கரண்டியை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றான். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, முன்னும் பின்னும் வேகமாக ஆட்டினான்.

கிரேன் வேலை செய்கிற எவனுக்கும் அந்தச் சைகைக்கு அர்த்தம் ஒன்றுதான். எமர்ஜென்சி ஸ்டாப். யார் காட்டினாலும், எந்த லோடு தொங்கிக்கொண்டிருந்தாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல் அந்த நொடியே நிறுத்தியாக வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. மறுபடியும் கைகளை நீட்டி ஆட்டினான். இத்தனை வருடப் பழக்கம், என் கை தானாகப் போய் அடுப்பை அணைத்தது.

அவன் மனைவிக்குப் போனில் ஏதோ படபடவென்று பேசி அனுப்பினான். ஆரஞ்சு உரித்துத் தின்று முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. பாஷை மாற்றும் ஆப்பில் அதைப் போட்டான். ரயில் அறிவிப்பு மாதிரி ஒரு பெண் குரல், கான்சாவை இனிப்புப் புல் ஆக்கி, தமிழில் பேசியது:

"இனிப்புப் புல் மூன்று துண்டு மற்ற மருந்துகளைச் சமாதானம் செய்கிறது. ஒரு கைப்பிடி தண்ணீரை உடலுக்குள் பூட்டுகிறது. கால் வீங்குகிறது. இரத்தம் அழுத்துகிறது. கடையில் நாங்கள் இதை நிறுக்காமல் கொடுப்பதில்லை. உங்கள் நண்பர் மாடா?"

கிச்சனில் நின்ற மொத்தப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டாவது செய்தி வந்தது. "கால் பிடிப்புக்கு வெள்ளைப் பூவின் வேர் முதலாளி. இனிப்புப் புல் உடன் செல்பவர். உடன் செல்பவரை மட்டும் தனியாக அனுப்ப வேண்டாம்."

லியூ அந்தப் பாக்கெட்டைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டான். என் மேல் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது.

மறுநாளே பரமேஸைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன்.

"மருந்து சாப்பிடறீங்களான்னு முதல் நாளே கேட்டேனே?" என்றார் டாக்டரம்மா.

"அது மருந்து இல்லீங்களே. அதிமதுரம்."

பேனாவை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். நான் இத்தனை நாளாகப் பார்த்திராத சிரிப்பு. "இதைத்தானய்யா நான் ரிப்போர்ட்ல தேடிட்டிருந்தேன். அது உடம்புல ஒரு உப்பைப் புடிச்சு வைக்கும், இன்னொரு உப்பை வெளியே விட்டுடும். நிறுத்தினா சரியாயிடும். ஆனா இன்னிக்கு நிறுத்தி நாளைக்குச் சரியாகாது. சில வாரம் ஆகும். பொறுமையா இருக்கணும்."

பரமேஸ் படியிறங்கும்போது தலையில் அடித்துக்கொண்டான். "எங்கட ஊரிலை வேர்க்கொம்போட, அதுதான் உங்கட சுக்கோட, ஒரு சின்னத் துண்டு போட்டு அவிப்பினம் அண்ணை. நீங்கள் என்னெண்டா விறகு மாதிரி அடுக்கி எரிச்சிருக்கிறியள்."

பொறுமை என்கிற வேலை

பொறுமை எனக்கு வராது. வீட்டுக்காரியைக் கேட்டால் சொல்வாள். ஒவ்வொரு காலையும் எழுந்ததும் கணுக்காலை அழுத்திப் பார்ப்பேன். குழி மெல்ல மெல்லக் குறைந்தது. ஷூ தளர்ந்தது. ஆனாலும் பட்டையில் என்ன வரும் என்ற பயம் மட்டும் தளரவில்லை.

லியூ லீவு நாள் தவறாமல் வந்தான். முன்போல் கதை அடிக்கவில்லை. ஏதாவது பொட்டலம் கொண்டு வருவான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், போவான். ஊர் ஞாபகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவன் கிரேனில் வேலை எப்படி என்று கேட்டால், "ஓகே பாய், ஓகே," என்பான், கண்ணைப் பார்க்க மாட்டான்.

கடைசிப் பரிசோதனை நாளில் அவனும் கூட வந்தான். டாக்டரம்மா பட்டையைச் சுற்றினார். கீழே சம்மட்டிச் சத்தம். அந்தச் சத்தம் பட்டைக்குள் கேட்பது போல இருந்தது.

"குறைஞ்சிருக்கு. ஆனா போதாது. பயப்படறீங்க. வெளியே போய்க் கொஞ்ச நேரம் உட்காந்துட்டு வாங்க."

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் லியூ பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதன்மேல் கையை வைத்தான். கண்ணாடிச் சட்டங்களை இறக்கும்போது வாக்கியில் பேசுகிற அதே குரலில் சொன்னான்.

"ஷ்வை ஷ்வை, பாய். ஷ்வை ஷ்வை."

முழங்கால் ஆட்டம் நின்றது. உள்ளே போனேன். டாக்டரம்மா மிஷினைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். 'ஃபிட்' என்று எழுதினார்.

காற்று

கீழே டீக்கடையில் கரக் டீ வாங்கினோம். நான் பேசிக்கொண்டே இருந்தேன். நாளைக்கு ஏறுவேன், உன்னைப் பார்ப்பேன், சாய் என்று கூப்பிடுவேன் என்று என்னென்னவோ. லியூ என்னைத் தடுத்தான்.

"டாக்டர் கலாஸ்?"

"கலாஸ்."

"பேப்பர் ஓகே? நோ மோர் செக்கிங்?"

"மாஃபி செக்கிங். ஏன்டா?"

அவன் டீயைக் கீழே வைத்தான். "கல், மை கிரேன் நீச்சே. யுவர் கிரேன், மை கிரேன் நீச்சே." கல் என்றால் இந்தியில் நாளை, நீச்சே என்றால் கீழே.

ஒரு டவர் கிரேன் தன்னைத்தானே முழுக்க இறக்கிக்கொள்ள முடியாது. பக்கத்தில் உயரமான கிரேன் இருந்தால் அதை வைத்துத்தான் மற்றதைப் பிரித்து இறக்குவார்கள். அதுவும் காற்று அடங்கியிருக்கும் நாளில்தான். அவன் கட்டடம் முடிந்துவிட்டது. நாளை முதல் அவன் கிரேனை நான் இறக்க வேண்டும். அதன்பிறகு அவன் அங்கே இருக்க மாட்டான்.

"அப்பறம் நீ எங்க?"

"ஜித்தா."

"எப்பத் தெரியும் உனக்கு?"

லியூ தலையைக் குனிந்துகொண்டான். வண்டியோடு வந்து நின்ற பரமேஸ்தான் சொன்னான்.

"ஒரு மாசமாத் தெரியும் அண்ணை. சொல்லாதேங்கோ எண்டு இந்தாள் என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டது. கேட்டா உங்களுக்குப் பிரஷர் ஏறுமாம். வேற ஆப்பரேட்டரை வைச்சு இறக்குவம் எண்டாங்கள். இல்லை, பாய்தான் இறக்க வேணும் எண்டு ஒரே பிடியா நிண்டுட்டுது. நானும் காத்துக் கூட எண்டு சொல்லி ரெண்டு மூண்டு நாள் தள்ளிப் போட்டனான்."

"காத்து அடிச்சுதா?"

"எங்கை காத்து? ஒரு இலை அசையேல்லை."

ஹெல்மெட் வாருக்கு ஆளை வெளியே தள்ளுகிற பரமேஸ் சொன்ன பொய் அது. அத்தனை ஆயிரம் பேர் இருக்கிற ஊரில் என் உடம்பைப் பற்றி ஒரு மாதம் யோசித்துக்கொண்டே இருந்த ஒருத்தன் போகிறான் என்று அழுகை முட்டியது. டீயை ஊதுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் ஏணியில் ஏறினேன். தொடை கனக்கவில்லை. இரண்டு நாளாக எடைக்கல்லையும் நீண்ட கையையும் துண்டு துண்டாக இறக்கினோம். மூன்றாம் நாள் கேபின். என் கொக்கியில் மாட்டி, போல்ட்டைக் கழற்றி, சிக்னல்மேன் மேலே தூக்கச் சொன்னான். தூக்கினேன். லியூவின் கேபின் கோபுரத்தை விட்டு விலகி மெல்ல மேலெழுந்து, என் கண்ணாடிக்கு நேரே வந்து தொங்கியது. உள்ளே காலி நாற்காலி.

கீழே லியூ கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீச்சே, நீச்சே," என்றது வாக்கி.

நான் இறக்கவில்லை. அப்படியே பிடித்து வைத்திருந்தேன்.

"க்யா ஹுவா பாய்?" சிக்னல்மேன் பதறினான். என்ன ஆயிற்று?

"காத்து," என்றேன். "காத்து ஜாஸ்தி பாய். கொஞ்சம் பொறு."

என் முன்னால் காற்றின் வேகம் காட்டும் முள் அசையாமல் கிடந்தது.